புரோக்கர் எந்த ஏரியாவில் குடியிருக்கிறார்?

1

“அந்த வீட்டுல நீங்களா இருந்தா குடியிருப்பீங்களா?”

புனேயிலிருந்து ஒருவர் என்னிடம் போனில் இப்படிக் கேட்டார். அப்போது நான் அந்த வீட்டின் சமையலறையில்தான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது. இந்தக் கதை அங்கே பிறந்தது. மற்றவர்களுக்குப் போரிலும் காதலிலும் கதை பிறக்கிறதாம். எனக்கு முருங்கைக்காயில்.

கேட்டவருக்கு ஹர்ஷா என்று பெயர் வைத்துக்கொள்வோம். போன் என் அப்பாவுடையது. அவர் பெயர் தேவானந்தம், வீட்டு புரோக்கர், அந்நேரம் குளித்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்போடு நின்றவள் எந்நேரமும் வீட்டில் இருப்பாள் என்பதால் போன் என் கைக்கு வந்தது. முகம் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. அம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “நேர்லயே வாங்க கண்ணு. நம்மூட்டுல ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு அப்புறம் பாருங்க” என்றாள்.

2

கதையை முதலில் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:

விமானம் கோவைக்கு மேலே தாழ்ந்தபோது ஹர்ஷாவின் கண்களில் பேராசை

நிறுத்திவிட்டேன். நான் விமானத்தில் ஏறியதில்லை. அவரை வில்லனாக்கினால் எனக்குப் பாதி வேலை மிச்சம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் “சாப்பிட்டீங்களா அங்கிள்?” என்று கேட்ட பிறகுதான் அவர் விஷயத்துக்கு வருவார். அப்படிப்பட்ட வில்லனை எழுத எனக்குத் தெரியவில்லை.

அவர் ஆசை சின்னது. கோவையில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட வேண்டும். எந்த ஏரியா என்பதைப் புனேயில் உட்கார்ந்தபடியே முடிவு செய்ய வேண்டும். மேப்பைத் திறந்து ஐ.டி. கம்பெனிக்கும் ஏர்போர்ட்டுக்கும் தூரம் அளந்தார். உக்கடத்தில் குளம் இருப்பதால் நல்ல காற்று வரும் என்றார். (கொசுவும் வரும். அது மேப்பில் தெரியாது.) வெகுதூரம் தள்ளியிருக்கும் காரமடை கோவை ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று வெகுநாள் நம்பினார். மேப்பில் அது ஒரு விரல் தூரம்தான்.

அப்பா சரவணம்பட்டியைச் சொன்னார், சிங்காநல்லூரைச் சொன்னார். ஹர்ஷா ஏதோ வீடியோவில் கற்ற வித்தையை எடுத்தார். புரோக்கர் காட்டும் ஏரியாவை நம்பாதே. அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேள்.

“போத்தனூருங்க தம்பி,” என்றார் அப்பா.

3

இங்கே ஒரு விளக்கம் தேவை. (நல்ல கதையில் விளக்கம் இருக்கக்கூடாதாம். இருக்கட்டும்.)

நாங்கள் இருப்பது வாடகை வீடு. அம்மா கல்யாணமாகி வந்தது இங்கேதான், நான் தவழ்ந்ததும் இங்கேதான். வீட்டுக்காரர் பீளமேட்டு வெங்கடம்மாள். வீட்டை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை அவர் அப்பாவிடமே கொடுத்திருந்தார். வேறு புரோக்கர் உள்ளே வந்துவிடக்கூடாது என்று அப்பாவும் வாங்கிக்கொண்டார். அதன்பின், மார்க்கெட் டல்லுங்க என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். ஒருவரைக்கூட அழைத்து வரவில்லை. அந்த வகையில் அவர் மிகத் திறமையான புரோக்கர்.

ஆனால் தன் தெருவைக் குறைத்துப் பேச அவருக்கு வாய் வராது. சிறுவாணித் தண்ணீர், நடக்கிற தூரத்தில் ஸ்டேஷன், சர்ச், சத்தம் போடாத அக்கம்பக்கம் என்று அடுக்கினார். அங்கே ஏதாவது விற்பனைக்கு இருக்கிறதா என்று ஹர்ஷா கேட்டார். “ஒண்ணு இருக்குதுங்க” என்று வாய் முந்திக்கொண்டது. அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

4

ஹர்ஷா வரும் நாளுக்கு அப்பா ஒரு திட்டம் போட்டார். ஹால் ஒழுகும் இடத்தில் வைத்த பக்கெட் நடுவில் இருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாள் தொங்கியே கிடக்க வேண்டும். ஈரச் சுவரை மறைக்கும் காலண்டரை எடுத்துவிட வேண்டும். அம்மா தலையாட்டினாள்.

விடிந்ததும் அம்மா பக்கெட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வரும் திரைச்சீலையை மாட்டினாள். தரையை இரண்டு தடவை துடைத்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தது. அப்பா திட்டத்தை நினைவுபடுத்தினார்.

“ஊட்டுக்கு வாரவங்க என்னங்க நெனப்பாங்க?” என்றாள் அம்மா.

 அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளைச் சரிசெய்யப் போனார்.

(இதை நம்ப முடியாது என்று நினைக்கும் வாசகர் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கும் சாப்பிடப் போனதில்லை.)

5

ஹர்ஷா வாழையிலை முன் உட்கார்ந்தார். இரண்டு முறை குழம்பு கேட்டார். சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“நாம பாக்கப்போற வீடும் இந்த மாதிரி இருக்குமா அங்கிள்?”

அப்பா தன் இலையில் இல்லாத எதையோ தேடினார். “இதே மாதிரிதானுங்க தம்பி.”

“அப்ப எனக்கு ஓகே. உள்ளே இருக்கறவங்க காலி பண்ணத் தகராறு பண்ணுவாங்களா?”

நான் சமையலறை வாசலில் நின்றேன். அம்மா ரசக் கிண்ணத்தோடு இலைக்கருகே குனிந்திருந்தாள்.

“சேச்சே,” என்றார் அப்பா. அது புரோக்கரின் குரல். “நல்ல குடும்பமுங்க. சொன்னாப் போயிருவாங்க.”

6

இனி முடிவு. ஒன்று: ஹர்ஷாவுக்கு உண்மை தெரிகிறது, கண் கலங்குகிறது, வீடு வேண்டாம் என்கிறார். இது சினிமா. இரண்டு: அவர் வாங்குகிறார், எங்களையே இருக்கச் சொல்கிறார், வாடகையை மட்டும் எங்களால் முடியாத அளவுக்கு ஏற்றுகிறார். நல்லவர் ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டே செய்ய முடியும். மூன்று: அப்பா கமிஷன் வாங்கிக்கொண்டு எங்களுக்கே வேறு ஏரியா தேடுகி

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்றும் எழுத வரவில்லை. நான் அம்மாவுக்காக வசனம் எழுதிப் பார்த்தேன். ‘அந்தக் குடும்பம் நாங்கதான் கண்ணு.’ அடித்துவிட்டேன். ‘எங்க போறதுங்க?’ அதையும் அடித்தேன். அம்மா விருந்தாளியின் முன் அப்பாவைத் தலைகுனிய வைக்கமாட்டாள். என்னால் பேச வைக்க முடியாத ஒரே பாத்திரம் அவள்தான்.

ஆகவே, ‘சொன்னாப் போயிருவாங்க’ என்று அப்பா சொன்ன பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஹர்ஷாவின் சோற்றில் அம்மா ரசம் ஊற்றினாள். போதும் என்று அவர் கை காட்டும்வரை ஊற்றினாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து தெருவில் நடந்து போனாள்.