பாதியில் நின்ற வாத்து

1

என் கோட்டின் உள்துணி தோளில் பிரிந்துபோகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது. தைக்கக் கொடுத்த கடை, ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் வழியே நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அங்கே உட்கார்ந்து ஊரார் பேன்ட்டுகளை எல்லாம் குட்டையாக்குகிறவருக்குத் தெருவில் 'ஆல்டரேஷன் அக்கா' என்று பெயர். கோட்டைப் பிரித்துக்கொண்டே தன் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னார். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க" என்றார்.

அந்த நிபந்தனைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

முதல் தொடக்கம்: அலமாரியைத் திறந்ததும் ஒரு ரகசியம் அவள் காலடியில்

(விட்டுவிட்டேன். ரகசியமும் இல்லை, அலமாரியும் இல்லை. பரண்.)

இரண்டாவது: மாற்றாந்தாய் என்றாலே

(இந்தச் சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேர் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது கொஞ்சம் தாமதமாகத்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக், விவாகரத்தானவர். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். முதல் மனைவி இறந்துபோகவில்லை, யாருடனும் ஓடிப்போகவும் இல்லை. எனக்கு இது ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். மகளுக்கு அவ்வப்போது போன் வரும். பிறகு அந்த அவ்வப்போதும் நீண்டுகொண்டே போனது.

மகள் அக்காவைச் 'சித்தி' என்றுதான் கூப்பிட்டாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரியான மரியாதை. இப்படியே அவள் வளர்ந்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கும் போனாள். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டாள், கிடைத்தது. அவளுக்குப் பெட்டி எடுக்க அக்கா பரணில் ஏறியபோதுதான் கையில் ஒரு பழைய தலையணை உறை அகப்பட்டது.

உள்ளே சதுரம் சதுரமாக வெள்ளைத் துணிகள், பழசாகி மஞ்சள் தட்டியவை. ஒவ்வொன்றிலும் கையால் எம்ப்ராய்டரி செய்த ஒரு பறவை: கிளி, மைனா, ஆந்தை, கொக்கு. பஞ்சுப் போர்வை செய்வதற்காகப் போட்ட சதுரங்கள் என்று அக்காவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இவற்றை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை.* கடைசிச் சதுரத்தில் ஒரு வாத்து. தலையும் கழுத்தும் தைத்தாகிவிட்டது. உடம்பு வெறும் நீலக்கோடு. ஊசி துருப்பிடித்துத் துணியிலேயே நின்றது.

* குவில்ட் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். எனக்கு அக்கா சொன்ன பிறகுதான் புரிந்தது.

3

வேறு யாராவது என்றால் மூட்டையை மறுபடி கட்டிப் பரணில் வைத்திருப்பார்கள். அக்காவால் முடியவில்லை. அரைகுறையாக ஒரு தையலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நீலத்தில் கரைத்துணியைப் பட்டையாக வெட்டி, கிளிக்கும் மைனாவுக்கும் நடுவே வைத்து, முதல் வரிசையைக் கடை மிஷினில் ஓட்டிவிட்டார். மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

(நல்லவளா ஆக்காதீங்க என்றாரே, அது இந்த இடம்.)

சாவி வாங்கக் கடைக்கு வந்த மகள் மேஜையைப் பார்த்தாள்.

"இது எங்கம்மாவோடது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தொட்டீங்க?"

போர்த்திக்கொள்ளத்தானே இதை ஆரம்பித்தார்கள், பரணில் கிடப்பதற்கா என்று அக்கா கேட்டார். மகள் குரலை உயர்த்தவில்லை.

"ஆரம்பிச்சவங்க முடிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த மகளை நான் முதல் வரைவில் முசுடாக எழுதினேன். அப்புறம் யோசித்தேன். அம்மா விட்டுச்சென்றதில் அந்த வீட்டில் மிச்சமிருந்தது இந்த வாத்து மட்டும்தான். அது முடியாமல் இருக்கிறவரை அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம். வந்து மிச்சத்தைத் தைப்பாள். அவளை முசுடாக்கிய பக்கத்தைக் கிழித்தேன்.

4

அக்கா அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆரம்பித்தவர்தான் முடிக்க வேண்டுமா, சரி. கணவர் தலையில் அடித்துக்கொண்டார். உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றார். அக்கா விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, சதுரங்களைப் பையில் போட்டுப் பஸ் ஏறினார்.

(பஸ் பயணத்துக்கு நீளமாக எழுதி வைத்திருந்தேன். மழை, கண்ணாடியில் வழியும் நீர், அதில் தெரியும் முகம். அக்காவிடம் கேட்டேன். நன்றாகத் தூங்கிவிட்டாராம்.)

முதல் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரிலிருந்து இறங்கி, வெயிலில் கறுத்த கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் ஒரு நொடி தயங்கினார். பிறகு உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆந்தை, லைசென்ஸ் டெஸ்ட் வைக்கிற நம்ம இன்ஸ்பெக்டர் மாதிரியே இருக்கிறது என்றார்.

ஏன் வாத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்று அக்கா கேட்டார்.

இங்கே ஒரு கண்ணீர்த் துளிக்காக நான் தவம் கிடந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "போரடிச்சுப்போச்சுங்க. வயித்துல பிள்ளையோட உக்காந்து தைச்சேன். நல்ல அம்மான்னா இதெல்லாம் செய்வாங்கன்னு யாரோ சொன்னாங்க. வாத்துக்கிட்ட வந்தப்ப, இது நமக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

மிச்சத்தைத் தைத்துக் கொடுங்கள் என்றார் அக்கா. அவர் மாட்டேன் என்றார், நீங்களே முடித்துவிடுங்கள் என்றார்.

"நான் முடிப்பேன். ஆனா நீங்க வர மாட்டீங்கன்னு அவகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா ஏறாது."

அவர் வாத்தைத் திருப்பிப் பின்பக்கத்து முடிச்சுகளைப் பார்த்தபடி இருந்தார். கார் பழக வந்த அடுத்த ஆள் வாசலில் ஹாரன் அடித்தான். "சொல்றேன்" என்று எழுந்துபோனார்.

5

இங்கிருந்து கதை இரண்டு பக்கமாகப் பிரியலாம்.

அ) அம்மா புறப்பட்டு வருகிறாள், மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து

(எழுதும்போதே பொய் நாறியது.)

ஆ) போன் வரவேயில்லை. மகள் சதுரங்களைக் குப்பையில்

(இதுவும் இல்லை.)

போன் வந்தது. மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது, ஆகவே எனக்கும் தெரியாது. வெளியே வந்தவளின் முகம் கழுவியதுபோல் இருந்தது.

"அதையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க சித்தி. எனக்கு வேணாம்."

"உனக்குன்னு யாரு சொன்னா?" என்றார் அக்கா. "நான் எனக்காகத்தான் தைக்கறேன். எனக்கு முன்னாடி இந்த வீட்டுல நடந்ததெல்லாம் மூட்டை கட்டித் தலைக்கு மேல இருக்கு. அது என்னன்னு தெரியாமலே கீழ படுத்துத் தூங்கியிருக்கேன். இனிமே முடியாது."

அன்றே துருப்பிடித்த ஊசியை உருவிப் போட்டுவிட்டு வாத்தின் உடம்பைத் தைக்க உட்கார்ந்தார். பழைய நூலின் அதே மஞ்சள் எந்தக் கடையிலும் இல்லை. கழுத்தையும் பிரித்துப் புதிதாய்த் தைத்தால் ஒட்டே தெரியாது. தொழில் அதைத்தான் சொன்னது. பிரிக்கவில்லை. அவர் கை அவருடையது, என் கை என்னுடையது என்று கொஞ்சம் அழுத்தமான மஞ்சளிலேயே தொடர்ந்தார். விரல் நுனி புண்ணாகிப்போனது. விடவில்லை.

பிறகு வரிசைகளை இணைத்தார். அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் விரித்துச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடிப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை. கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஒரு முனையில் முட்டி போட்டார். இழுத்தால் அந்த முனை சுருங்கியது. அங்கே போனால் இந்த முனை. வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் வந்து எதிர் முனையில் உட்கார்ந்து பிடித்தாள். ஊசியும் வாங்கிக்கொண்டாள். மூன்றும் நகராமலிருக்க இருவரும் எட்ட எட்டத் தையல் போட்டுக்கொண்டே நடுவை நோக்கி வந்தார்கள். வாத்தின் மேல் அவள் விரல் நின்றது.

"இங்கேர்ந்து நீங்களா?"

"ஆமா."

தையல் தொடர்ந்தது.

6

அவள் ஊருக்குக் கிளம்பிய காலை. வாசலில் டாக்ஸி நிற்கிறது. லிஃப்ட் மெக்கானிக் பெட்டிகளை ஏற்றுகிறார், எதிலும் இடமில்லை என்று முனகுகிறார். போர்வை நாற்காலி மேல் மடித்திருக்கிறது. மகள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கிறாள்.

"இத மெஷின்ல போடலாமா சித்தி?"

"போடலாம். சுடுதண்ணி மட்டும் வேணாம்."

அடுத்து நடந்ததை அக்கா என்னிடம் சொன்னார். எழுத மூன்று வரி போதும். எழுதினால் ஒன்று அக்கா ரொம்ப நல்லவளாகிவிடுவார், அல்லது மகள் பொல்லாதவளாகிவிடுவாள். ஆகவே பேனாவை மூடுகிறேன். டாக்ஸிக்காரர் இன்னும் கொஞ்சம் பொறுப்பார். போர்வை நல்ல கனம், இரண்டு கையாலும் தூக்க வேண்டும். யார் தூக்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.