கரம்பூர் ஏரி இருக்கும் பக்கம்

2023 மார்ச் 9. கரம்பூர் ஏரி நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ளது. மேற்கே என்று எழுதிவிட்டேன். என் தவறு.

கலைப்பிரியா தன் குறிப்பேட்டில் இதைக் குறித்தபோது ஏரி ஏற்கெனவே சாலையைத் தாண்டிவிட்டிருந்தது. பகலில் திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை, மாலையில் டைப்பிங் வகுப்பு, அது முடிந்தால் இணையக் கலைக்களஞ்சியத்தில் சுற்றுவட்டார ஊர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவது என்று அவளுடைய நாட்கள் போயின. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் கரம்பூர் வீட்டில் அவள் மட்டும்தான். திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஏரி எந்தக் கைப்பக்கம், வரும் பஸ்ஸில் எந்தக் கைப்பக்கம் என்று குழப்பிக்கொண்டு கரம்பூர்க் கட்டுரையில் அவள் ஒரு சொல்லை மாற்றி எழுத, விடிவதற்குள் ஏரி கொக்குகளோடும் மதகோடும் மேற்கே போய்ப் படுத்துக்கொண்டது. பழைய வரைபடங்களிலும் நீல நிறம் அந்தப் பக்கமே நகர்ந்திருந்தது. துவைக்கிற பெண்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, துணி மூட்டையோடு சாலையைக் கடந்து போகப் பழகிக்கொண்டார்கள். மேற்குப் பக்கத்து விவசாயி சுப்பராயலுவின் நிலத்துக்குத்தான் போக்கிடம் இல்லை. பிடுங்கத் தயாராக இருந்த மல்லாட்டை, நிலக்கடலைச் செடி முழுவதும், தண்ணீருக்கடியில் கிடந்தது.

கலைக்களஞ்சியத்துக்குக் காவலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம். சான்று காட்டு, சண்டை போடாதே, அடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார் என்று நம்பு என்பது போலச் சில வழிகாட்டுதல்கள் உண்டு. மீறினால் தண்டனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் பெரும்பாலோர் மீறுவதில்லை. கலைப்பிரியா ‘கிழக்கே’ என்று திருத்தினாள். ஒரு மணி நேரத்தில் ‘புங்கமரம்’ என்ற பெயரில் எழுதும் விழுப்புரத்துக்காரர் அதை மறுபடி ‘மேற்கே’ ஆக்கி, “புதுப் படங்களிலும் வரைபடத்திலும் மேற்கே இருக்கிறதே?” என்று பணிவாகக் கேட்டிருந்தார். அவள் இன்னொரு முறை திருத்தினாள். அவரும் திருப்பினார். இனித் தொட்டால் சண்டையாகிவிடும் என்று கையை எடுத்துக்கொண்டு, கட்டுரையைப் பற்றி மட்டும் பேசுவதற்கென்று உள்ள பேச்சுப் பக்கத்தில் எழுதினாள்: “தவறு என்னுடையது. ஏரி கிழக்கேதான் இருந்தது. என்னிடம் சான்று இல்லை.” பதில் வரவில்லை. ஒருவேளை ஏரி எப்போதுமே மேற்கேதான் இருந்ததோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

யார் எழுதியதால் வந்த வினை என்று கேள்விப்பட்ட சுப்பராயலு அவளைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார். “ஏம்மா கலை, ஜல்தியா மாத்தும்மா. மல்லாட்டை பூரா ஊறிக்கினு இருக்குது.”

“மாத்தினேன் பெரியப்பா. ஒருத்தர் திருப்பிடறாரு.”

“யாரு அவன்? ஃபோன் போடு, நான் பேசறேன்.”

“நம்பர் தெரியாது. புங்கமரம்னு பேர் வெச்சிக்கினு இருக்காரு.”

“நல்லா இருக்குது! மரத்துக்கிட்டயா என் வெள்ளாமைய குடுத்து வெச்சிருக்க?”

“அங்க யாருக்கும் யாரையும் தெரியாது பெரியப்பா. அப்படித்தான் எழுதிக்கினு இருக்கோம்.”

திங்கட்கிழமை பதில் வந்தது. “நேற்று பஸ் ஏறி வந்து பார்த்தேன். ஏரி மேற்கேதான் இருக்கிறது. வெகுநேரம் கரையில் உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடமாக உங்கள் கட்டுரைகளைப் படிக்கிறேன், தெரிந்தே பொய் எழுதும் ஆள் இல்லை நீங்கள். மாற்றிக்கொள்ளுங்கள். இனி நான் கை வைக்க மாட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கலைப்பிரியா வீட்டில்தான் இருந்தாள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். வாரமெல்லாம் யாரும் தட்டாத கதவைத் திறந்துவைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

‘கிழக்கே’ என்று மாற்றினாள். விடியும்போது ஏரி பழைய இடத்தில் இருந்தது. துவைக்கிறவர்கள் மூட்டையோடு கிழக்கே இறங்கினார்கள். சுப்பராயலு ஈர நிலத்தில் துள்ளிய கெண்டைகளைக் கூடையில் அள்ளிவிட்டு, அழுகாத பாதி மல்லாட்டையைப் பிடுங்க ஆள் கூப்பிட்டார். கலைப்பிரியா பேச்சுப் பக்கத்தில் “நன்றி” என்று எழுதினாள். “அடுத்த முறை வந்தால்” என்று தொடங்கிய வரியை அழித்துவிட்டாள். அது கட்டுரையைப் பற்றியது அல்ல.

சனிக்கிழமை இரவு மறுநாள் வேலையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள்: விழுப்புரத்தை ஒட்டிய வளவனூரைப் பற்றிப் புங்கமரம் எழுதிய கட்டுரையில் ஒரு பழைய கிணறு தெருவுக்கு வடக்கே என்று இருக்கிறது. முதல் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும்.