பானைமேல் பூத்த வெள்ளை

சூளையிலிருந்து எடுக்கும்போது பானை பளிச்சென்றுதான் இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் கடையில் ஐந்து நாள் இருந்ததும், அதில் கறுப்பாக வரைந்திருந்த சீன மீன்வலையின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை பூத்தது. துடைத்தால் போனது. மறுவாரம் திரும்பி வந்தது.

"இது என்னதாக்கும், அமுதவள்ளி?" கடைக்காரர் விஸ்வேஸ்வரன் ஒரு பானையைத் தூக்கிக் காட்டினார். "வெள்ளைக்கார மதாம்மா ஒருத்தி ஆசையா எடுத்தா. கையெல்லாம் வெள்ளை. துடைச்சுண்டு போயிட்டா. நீ பானை பண்றயா, புட்டுக்கு மாவு இடிக்கறயா?"

"தெரியலையே சாமி. ஊர்ல இப்படி ஆனதே இல்ல."

"இந்த மாசத்துக்குள்ள சரியாக்கு. இல்லேன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. இந்த வேலை நிலைத்தால் மகள் மகாவை மட்டாஞ்சேரிக்கே கூட்டிவந்து சேர்த்துவிடலாம். மானாமதுரையில் நாத்தனார் வீட்டில் அவளை விட்டுவந்து பதினோரு மாதம். அதற்குள் அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. அதையெல்லாம் அமுதவள்ளி போனில்தான் பார்த்தாள்.

"எப்பம்மா கூட்டிட்டுப் போவ?"

"பானை சரியாகட்டும்டி."

"பானைக்கு என்ன, காய்ச்சலா?"

சிரிப்பு வந்தது. போனை வைத்ததும் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மண் ஊரிலிருந்து சாக்கில் வந்தது. காவியும் கையும் அதேதான். கடல்காற்று என்று நினைத்துத் துணி சுற்றினாள், பூத்தது. கறுப்பை மாற்றினாள், பூத்தது. எரிச்சலில் ஒருநாள் அந்த வெள்ளையை விரலில் ஒற்றி நாக்கில் வைத்தாள். உப்பு!

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளே உப்பு இருந்தால் கொச்சியின் ஈரக்காற்றில் அது கசிந்து கரையும். வெயில் வந்ததும் நீர் துளைவழியே வெளியேறி ஆவியாகிவிடும். உப்பு மட்டும் மேலே தங்கும். அந்த உப்பு பானைக்குள் எப்படிப் போனது? கொல்லைக் கிணறு காயலோரக் கிணறு. உப்புக் கரிக்கும் அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்பதால், 'குடிக்கத்தானே ஆகாது, மண்ணுக்கு என்ன?' என்று அவள் கிணற்றுத் தண்ணீரிலேயே பிசைந்துவந்தாள்.

இரண்டு சின்னப் பானைகள் செய்தாள். ஒன்று கிணற்றுத் தண்ணீரில், ஒன்று குழாய்த் தண்ணீரில். சுட்ட பிறகு இரண்டையும் குழாய்த் தண்ணீரில் நனைத்து ஃபேனுக்குக் கீழே வைத்தாள். கடையில் ஐந்து நாளில் நடப்பது அங்கே ஒரே பகலில் நடந்தது. முதல் பானை வெளுத்தது. இரண்டாவது கறுப்பும் சிவப்புமாக அப்படியே நின்றது.

நாத்தனாரைக் கூப்பிட்டு, மகாவுக்கு டி.சி. வாங்கச் சொன்னாள். பிறகு வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் குழாயடியில் வரிசையாக வைத்தாள். குழாய் வரும் நாளில் நிறையப் பிடித்து வைக்க வேண்டும். மண்ணை அந்தத் தண்ணீரில் மட்டுமே பிசைய வேண்டும்.