முழு பேல் விலை

துணிக்கடைக்காரர் தன் மனைவியின் மூளைக்குப் போட்டிருந்த விலை: கடைக் கல்லாவில் ஒரு சுழல் நாற்காலி, நாலு மணிக்கு ஒரே பிளாஸ்க்கிலிருந்து இரண்டு பேருக்கும் காபி. கணக்குப் பேராசிரியையான அவள் பேரமே பேசவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நிரூபணத்துல இருக்கற ஓட்டை அடைபடலேன்னா ஆராய்ச்சிக்கு முழுக்கு. கல்லாவுல வந்து உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷமாக அவர் கேட்டுக் கிடைக்காத வரம்.

வியாழன் மதியம் சாப்பிட வந்தவர், தாள்களுக்கு நடுவே வாடிக் கிடந்தவளைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"அப்படி என்ன ஓட்டை, புரொபசரம்மா? துணிக்காரனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"பலமான ஒளி ஒரு பொருளுக்குள்ள போனா, ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுங்கற கணக்கு மின்காந்தச் சமன்பாட்டுல எடுபடாது. அதுக்குத் தீர்வுன்னு ஒண்ணு இருக்கான்னு காட்டணும். எல்லா அலையிலயும் எதுக்கு ஆற்றல் ரொம்பக் குறைச்சலோ, அதுதான் தீர்வு."

"ஆக, அடிமாட்டு விலை தேடறே."

"விலை தெரியுங்க. கடை கடையா ஏறி இறங்கறேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு குறையுது. அந்த விலைக்கே தர்ற கடை நிஜமா இருக்கா? அலை ரெண்டா பிஞ்சு ஆளுக்கொரு திசையா ஓடிட்டா கையில என்ன மிஞ்சும்னு, கட்டுரையைப் பரிசோதிச்சவர் மடக்கறார்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எதுக்குப் பிய்யணும்? ஒரு பேல், அதான் ஒரு முழுக் கட்டுத் துணியை மொத்தமா எடுத்தா ஒரு விலை. அதையே ரெண்டு அரை பேலா கேட்டா, விலையை ஏத்தித்தான் சொல்லுவான். மலிவு தேடறவன் உடைச்சு வாங்குவானா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கண் சுவரில் நிலைகுத்தி நின்றது. பிறகு பென்சில் ஓடியது. சாதம் ஆறியது. அவர் மூன்று தடவை கடிகாரம் பார்த்தார்.

"உடையாதுங்க! பெரிய அலைக்குத் தள்ளுபடி இருக்கு. அந்தச் சமன்பாடே தருது!" என்று எழுந்தவள், சட்டென்று அவரை முறைத்தாள். "வாயை மூடிட்டு இருந்திருந்தா நாளைக்கு நான் கல்லாவுல இருப்பேன். ஏன் சொன்னீங்க?"

"நீ அங்க உக்காந்து அழுதா சில்லறையெல்லாம் நனைஞ்சிடும்."

கடைக்குத் திரும்பும் வழியில் மனசுக்குள் கணக்கை முடித்தார். செலவு: இருபது வருஷ ஆசை, ஒன்று. வரவு: பென்சில் கரியோடு நெற்றியில் முத்தம், ஒன்று. கட்டுரையின் கடைசியில் அவருக்கு ஒரு வரி நன்றி: பாக்கி.