எட்டாம் உறை

எங்கள் நாட்காட்டிப்படி 2008ஆம் ஆண்டு, யெகாதித் மாதம் முப்பதாம் நாள், புதன்கிழமை. என் குறை இது: டாங்கிசே என்னும் பெண்மணி ஆய்வுப் பண்ணைக்குக் கொடுத்த கன்றுகளிலிருந்து வளர்ந்த, வாழையைப் போன்ற பன்னிரண்டு என்செத் மரங்களை வரும் திங்கட்கிழமை வெட்டியெறிய ஆணை பிறந்திருக்கிறது. அவை எல்லாத் தோட்டங்களிலும் நிற்கும் ‘அடோ’ வகைதான் என்று அறிக்கை கூறுகிறது. அறிக்கை தவறு. சென்ற மழைக்காலத்துக்கு முன், டாங்கிசேயின் தோட்டத்து இலைகளை ஆய்வுக்காக எண்ணிட்ட உறைகளில் இட்ட நாளில் அந்தத் தவறு நேர்ந்தபோது குறிப்பேட்டுடன் அருகில் நின்றவன் நான்.

அந்த வகைக்கு எங்கள் பெண்கள் இட்ட பெயர் ஷிர்ரிமா. இலையின் நடுநரம்பு சிவந்திருக்கும். எலும்பு முறிந்தவர்களுக்கு அதன் கிழங்கை அவித்துப் பாலோடு கொடுப்பார்கள். அதற்காக ஏழு ஊர்க்காரர்கள் டாங்கிசேயின் வீட்டுக்கு வருவார்கள். சென்ற மழைக்காலத்தில் முள்ளம்பன்றிகள் அவர் தோட்டத்து ஷிர்ரிமாக் கிழங்குகளை ஒன்று விடாமல் குடைந்து தின்றுவிட்டன. பண்ணையிலுள்ள பன்னிரண்டைத் தவிர வேறு ஷிர்ரிமா இன்று எங்கும் இல்லை.

நேற்று மாலை நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து பர்குதே வந்தாள். அவள் என் பழைய மாணவி. இரண்டு தாள்களை என் மேசைமேல் விரித்தாள்.

“சார், இது மரபுப்பொருள் சோதனையில முதல் முறை. பண்ணைத் தலைவர் இதை வெச்சுத்தான் முடிவு பண்ணினார். இதுல கோடு இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். அந்தக் கோடு தாய்வழி, தகப்பன்வழி ரெண்டுலயும் இருக்கா, ஒண்ணுல மட்டும் இருக்கான்னு தெரியாது. அதனால வேற வேற வகைகூட ஒண்ணுபோலவே தெரியும்.”

“இரண்டாவது?”

“இது நான் செஞ்சது. அதே இலைகள்தான். மரபுப்பொருள்ல ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும் பாருங்க, அது எத்தனை தடவை வருதுன்னு ரெண்டு வழியிலயும் தனித்தனியா எண்ணலாம். பன்னிரண்டு இடத்துல எண்ணினேன். முதல் முறை ஒண்ணுன்னு சொன்ன நாலு சோடியில மூணு சோடி பிரிஞ்சிடுச்சு.”

“ஷிர்ரிமா?”

“அதான் சார் இடிக்குது. அடோவும் அதுவும் பன்னிரண்டு இடத்துலயும் அச்சா ஒண்ணு. ஒரு எண்கூட மாறலை. நரம்பு சிவந்தது ஒண்ணு, வெளுத்தது ஒண்ணு. இப்படி இருக்கவே கூடாது. எட்டாம் உறைக்குள்ள போன இலையை யார் பறிச்சது?”

நான் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ‘உறை எண் எட்டு: ஷிர்ரிமா’ என்று என் கையெழுத்தில் இருந்தது. மரத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பறித்துக் கொடுத்தவர் டாங்கிசேயின் கணவர் ஹமேசோ.

உடனே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். டாங்கிசே என்செத் மாவில் வாசா ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். பர்குதே கேட்டதும் ஹமேசோ தம் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்களேன். நாக்கையும் முள்ளம்பன்றி தின்னுடுச்சா?” என்றார் டாங்கிசே.

“அன்னிக்கு நீங்க எல்லாம் வீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து மாவுக்கு மரம் சுரண்டிட்டு இருந்தீங்க. ஷிர்ரிமா அங்கதானே நின்னுச்சு? பொம்பளைங்க சுரண்டுற இடத்துக்கு ஆம்பளை நான் எப்படி வருவேன்?”

“கூப்பிட்டிருந்தா நான் பறிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?”

“விருந்தாளிங்க முன்னாடி, என் தோட்டத்து இலைக்கு உன்னைக் கூப்பிடணுமா? முன்வரிசையில இன்னொரு அடோ இலையைக் கிழிச்சு, ஷிர்ரிமான்னு சொல்லிட்டேன். ஒரு இலையில என்ன வந்துடப் போகுதுன்னு நினைச்சேன்.” அவர் பர்குதேயின் பக்கம் திரும்பினார். “அடோ உறையில போட்ட அதே மரத்து இலைதான், அம்மா.”

டாங்கிசே திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

“வாத்தியாரும் எழுதிக்கிட்டுத்தானே போனார்? அவர் காலுக்கு மட்டும் பாதை இல்லையா?” என்றார். பிறகு முதல் துண்டைப் பிட்டுக் கணவருக்குக் கொடுத்தார்.

பெண்கள் சுரண்டும் இடத்தை நானும் தாண்டியதில்லை. மாலைவரை காத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாளில் பிழைகளைச் சுழித்தவன், காணாத மரத்தின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலை டாங்கிசே, பர்குதே, நான் மூவரும் பண்ணைத் தலைவரைச் சந்தித்தோம். அவர் கெட்டவரல்லர், எங்களுக்குக் காப்பி கொடுத்தார். “அறிக்கை அச்சாயிடுச்சு, சார். புது நாத்து அடுத்த புதன்கிழமை வருது. நடுறதுக்கு இடம் வேணும். மேலேயிருந்து ஒரு கையெழுத்து வந்தா நிறுத்துறேன்” என்றார். புதிய இலையை இரண்டாம் முறையில் சோதிக்க மூன்று வாரம் ஆகும் என்று பர்குதே சொன்னாள். டாங்கிசே சன்னல் வழியாகத் தம் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பழி முறையின்மீது மட்டுமன்று. முதல் முறை மங்கலானது; அதன் மங்கலில் எங்கள் பொய் ஒளிந்துகொண்டது. இரண்டாம் முறை கூர்மையானது. ஆனால் அதுவும் உறைக்குள் இருந்த இலையைத்தான் படித்தது. தோட்டத்தைப் படித்தவர் ஒருவரே. அவரை எவரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களுள் அந்தக் கையெழுத்தை இடும் உரிமை உடையவர் எவரேனும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் பண்ணைக்கு வாருங்கள். டாங்கிசே தம் கையால் இலை பறித்து எட்டாம் உறையில் இடட்டும். நீங்கள் அருகில் நின்று மரத்தைப் பாருங்கள். அந்த இலையின் முடிவு வரும்வரை ஒரு மரத்திலும் வெட்டுக்கத்தி படக் கூடாதென்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.