ஜாடி நிறைந்த நாள்

பதினேழு குழந்தைகளை வட்டமாக உட்கார வைப்பதற்குள் டீச்சருக்குத் தினமும் பாதி உயிர் போய்விடும். ஒருத்தனை இழுத்து உட்கார வைத்தால் இன்னொருத்தி எழுந்து நிற்பாள். தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கூப்பிடும் பையன் உட்கார்ந்த இடத்திலேயே பாயை நனைத்துவிடுவான். நான் சொல்லாமலேயே இதுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் போதும், ஜென்மம் சாபல்யம் என்று டீச்சர் ஆயாவிடம் அடிக்கடி சொல்லுவாள்.

அதற்காக அவளே யோசித்துக் கண்டுபிடித்ததுதான் ஜாடி. அலமாரி மேல் பெரிய கண்ணாடி ஜாடி. ஒரு நாள் முழுக்க யாரும் யாரையும் அடிக்காமல், கடிக்காமல் இருந்தால் உள்ளே ஒரு கலர் பந்து விழும். யாராவது கை வைத்தால் ஒரு பந்து வெளியே வரும். ஜாடி நிறைந்தால் முற்றத்தில் ரப்பர் தொட்டி போட்டு, தண்ணீர் நிரப்பி, நாள் முழுக்க ஆட்டம். "ஒருத்தர் செஞ்சா எல்லாருக்கும்" என்பது டீச்சரின் மந்திரம். பிரின்ஸிபால் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், மற்ற வகுப்புகளிலும் ஜாடி வைக்கச் சொன்னாள்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், எலிக்குட்டி இல்லாவிட்டால்.

எலிக்குட்டி வகுப்பிலேயே சின்ன உருவம். கையில் இருப்பதை யாராவது பிடுங்கினால் அவளுக்குப் பேச்சு வராது. பல்தான் வரும். இந்த வருஷத்தில் இரண்டு கடி. இரண்டும் காயப் பதிவேட்டில் ஏறியாயிற்று. அந்தப் பதிவேட்டில் பக்கத்துக்கு ஒரு மனித உருவம் வரைந்திருக்கும். காயம் பட்ட இடத்தில் சிவப்பு மையால் குறி போட்டு, நேரம் எழுதி, டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது கடி ஏறினால் பிள்ளை வீட்டுக்கு. அதில் அப்பீலே கிடையாது.

எலிக்குட்டியின் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். இரண்டாவது கடி அன்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நடு வருஷத்துல இவளை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்துப்பாங்க டீச்சர்? வீட்ல வெச்சுக்கிட்டா என் வேலை போயிடும். கொஞ்சம் பார்த்துக்கோங்க."

"நான் பார்த்துக்கறேம்மா. ஆனா அவளும் வாயை அடக்கணும்ல?" என்றாள் டீச்சர்.

மறுநாளே வட்டத்தில் எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினாள். "இன்னும் ஒரு தடவை கடிச்சே, நேரா வீட்டுக்குத்தான். அப்புறம் பாரு, இந்த ஜாடி மளமளன்னு நிறைஞ்சுடும்!"

கோபத்தில் சொன்னது. சொன்ன மறு நிமிஷம் அவளே மறந்துவிட்டாள். மந்திரி மறக்கவில்லை.

மந்திரி என்பது ஐந்தரை வயசுப் பையன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான், எல்லாப் பஞ்சாயத்துக்கும் தீர்ப்பு சொல்லுவான். அதனால் அந்தப் பெயர்.

"இன்னும் ஒண்ணுதானா மிஸ்?" என்று கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு."

கணக்கில் பையன் கெட்டி என்று டீச்சர் மெச்சிக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை ஜாடி நிறைய இன்னும் ஒரே ஒரு பந்து பாக்கி. மறுநாள் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். அந்தக் கூட்டத்தில்தான் டீச்சருக்கு வேலை நிரந்தர உத்தரவு கொடுப்பதாக இருந்தது. இரண்டு வருஷம் தற்காலிகமாகவே தேய்ந்தவள். காலையில் இருந்தே கால் தரையில் படவில்லை. சுவரில் காகிதப் பூ ஒட்டினாள், நாற்காலி எண்ணினாள். எலிக்குட்டி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்ததைப் பார்த்து, சளியாக்கும் என்று விட்டுவிட்டாள். மேஜையில் பதினேழு டைரிகள் பிரிக்காமலே கிடந்தன.

பத்தரை மணிக்கு, கை கழுவும் இடத்திலிருந்து ஒரு அலறல்.

மந்திரி கையைத் தூக்கி, முழங்கைக்குக் கீழே காட்டினான். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அச்சு வைத்தது போலப் பல் தடம். எச்சில்கூடக் காயவில்லை.

"யாரு?"

"எலிக்குட்டி!"

பதினாறு வாய், ஒரே குரல். பாட்டு வகுப்பில்கூட அப்படிச் சேர்ந்து வந்ததில்லை. எலிக்குட்டி சுவரோடு ஒட்டி நின்று தலையை மட்டும் ஆட்டினாள். கைக்குட்டையை எடுக்கவில்லை.

டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் பதிவேட்டை எடுத்தாள். குறி போட்டாள், மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. நேரம், கையெழுத்து. ஆயா அதோடு எலிக்குட்டியையும் பிரின்ஸிபாலிடம் கூட்டிப் போனாள். எலிக்குட்டியின் அம்மாவுக்குப் போன் போயிற்று.

வகுப்பை அடக்கிவிட்டு, அரை மணி கழித்து உட்கார்ந்தபோதுதான் டைரிகள் கண்ணில் பட்டன. மேலாக இருந்தது எலிக்குட்டியுடையது. கோணல் எழுத்தில் நாலு வரி. 'டீச்சர், சனிக்கிழமை பல் டாக்டர் இவளுடைய மேல் முன்பல் நாலையும் எடுத்துவிட்டார். பேச வெட்கப்படுகிறாள். கடினமானது எதுவும் தர வேண்டாம்.'

டீச்சர் டைரியை மூடினாள். மந்திரியை அலமாரிக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"நீயே கடிச்சுக்கிட்டியாடா?"

"ஆமா மிஸ்." பையன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எல்லாரும் வட்டமா உக்காந்து பேசினோம். கை தூக்கித்தான் பேசினோம் மிஸ், யாருமே கத்தல. முதல்ல தூங்குமூஞ்சியைக் கடிக்கலாம்னு சொன்னாங்க. அவன் அழுதான். பாவம்ல? அதான் நான் குடுத்தேன்." கையை நீட்டினான். "நல்லா இருக்குல்ல?"

டீச்சர் ஓட்டமும் நடையுமாகப் பிரின்ஸிபால் அறைக்குப் போனாள். அங்கே அதற்குள் அம்மா வந்து நின்றாள். மேலங்கியில் கஞ்சி வாசனை. இடுப்பை ஒட்டி எலிக்குட்டி.

"மேடம், அந்தப் பதிவு..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"பார்த்தேன். சுத்தமா எழுதியிருக்கீங்க." பிரின்ஸிபால் மேஜை மேலிருந்த நீள உறையை ஓரமாக நகர்த்தினாள். உறையின் மேல் டீச்சரின் பெயர். "போன வருஷம் ஒருத்தி பார்க்காமலே எழுதிட்டு, அப்புறம் வந்து அடிச்சுத் திருத்தினா. அன்னிக்கே அனுப்பிட்டேன். சொல்லுங்க, என்ன?"

டீச்சர் அந்த உறையைப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றாள் எலிக்குட்டியின் தாய். மகளின் கைக்குட்டையை மெல்ல இறக்கினாள். "இவளுக்கு மேல முன்பல்லே இல்லம்மா. சனிக்கிழமைதான் எடுத்தாங்க. எப்படிக் கடிப்பா? டைரியில எழுதியிருந்தேனே டீச்சர், பார்த்தீங்கல்ல?"

எலிக்குட்டி வாயைத் திறந்து காட்டினாள். மேலே வெறும் சிவப்பு ஈறு.

மந்திரியை அழைத்து வந்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கையில் தடம் போய், வெறும் சிவப்புதான் மிச்சம். பிரின்ஸிபால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன டீச்சர்? நீங்கதானே தடத்தைப் பார்த்தது?"

எல்லாக் கண்ணும் அவள் மேல். அந்தத் தாயின் கண் மட்டும் கெஞ்சவில்லை, நம்பியது. டீச்சர் சொல்லத்தானே போகிறாள் என்று தைரியமாக நின்றாள்.

"கீழ்ப்பல் இருக்கே மேடம்," என்றாள் டீச்சர். "கடைவாய்ப் பல்லும் இருக்கு. நல்லா அழுத்தினா தடம் விழும்."

"டீச்சர்!"

தாய் ஒரு அடி முன்னால் வந்தாள்.

எலிக்குட்டிக்குத்தான் திடீரென்று வழி தெரிந்தது. கடித்தவர்கள் நேராகப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் மறுபடியும் வட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர்தானே சொல்லிக்கொடுத்தாள்? அவள் ஓடிப்போய் மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸாரி. இனிமே கடிக்க மாட்டேன்," என்றாள். பல் போன வாயில் பாதி காற்றாகத்தான் வந்தது. பிறகு டீச்சரைப் பார்த்து, "சொல்லிட்டேன் மிஸ். வட்டத்துக்குப் போகலாமா?"

"அவளே ஒத்துக்கிட்டாளே," என்று பிரின்ஸிபால் பதிவேட்டை மூடினாள்.

தாய் மகளைத் தூக்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் எலிக்குட்டி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வகுப்புக்குத் திரும்பி, டீச்சர் ஜாடியில் கை வைத்தாள். கடித்த நாளுக்கு ஒரு பந்து வெளியே.

"அவதான் போயிட்டாளே மிஸ்," என்றான் மந்திரி. "அவ பந்தை நாங்க எதுக்குக் குடுக்கணும்?"

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பெற்றோர் முன்னால் கடைசிப் பந்து விழுந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. "பதினாறும் ஒரு தாய் மக்கள் மாதிரி இருக்குதுங்க," என்று ஒரு அப்பா நெகிழ்ந்தே போனார். பிரின்ஸிபால் உறையைக் கொடுத்தாள். முற்றத்தில் குழந்தைகள் சாயங்காலம் வரை தண்ணீரில் கும்மாளமடித்தார்கள்.

புதன்கிழமை டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தபோது, யாரும் சொல்லாமலே பதினாறு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கையோடு கை கோத்திருந்தது. சத்தமே இல்லை. அலமாரி மேல் ஜாடி காலியாக இருந்தது.

மந்திரி முறையாகக் கை தூக்கினான்.

"இந்த ஜாடிக்கு யாரு மிஸ்?"

யாரும் இல்லை என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தாள். அதற்குள் கண் போய்விட்டது, பாயில் ஈரம் படர உட்கார்ந்திருந்த தூங்குமூஞ்சியின் பக்கம்.

பதினைந்து தலைகள் அதே பக்கம் திரும்பின. தூங்குமூஞ்சிக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்கள்.