கிழவியின் வில்

பன்மொழி அகராதி அலுவலகத்தில் 'வானவில்' என்ற சொல்லின் பக்கம் மூத்த பதிப்பாசிரியரின் பங்குக்கு வந்தது. பிரெஞ்சில் 'வானத்து வில்', ஸ்பானிய மொழியில் ஐரிஸ் தேவதையின் வில். இரண்டும் வம்பில்லாமல் முடிந்தன. போர்ச்சுகீசியம்தான் காலை வாரியது. அங்கே வழங்கும் இன்னொரு பெயர் 'கிழவியின் வில்'. எந்தக் கிழவி? ஆளுக்கொன்று சொன்னார்கள், உறுதியாக யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவது அலுவலக வழக்கம். அதை எழுத மனிதருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மழை விட்டதும் தன் வண்ணப் பாவாடைகளை வானத்தில் காயப்போட்ட ஒரு கிழவியைத் தானே படைத்து, அந்த நாட்டு மக்கள் தலையில் கட்டிவிட்டார்.

எதிர் மேசையில் இருந்த உதவியாசிரியை ஒருத்திதான் வாய் திறந்தாள். "சார், இதுக்கு ஆதாரம்?"

"என் நரைச்ச தலைதாம்மா ஆதாரம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள். சில மாதங்களில் வேலையையும் விட்டுப் போனாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடைய புளுகு அச்சேறி, கெட்டி அட்டை போட்டுக்கொண்டு, மகளின் பள்ளி நூலகம் வரைக்கும் போய்விட்டது. பேச்சுப் போட்டி மேடையில் மகள் அதே கிழவியைக் கைவீசிச் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த அப்பா நடுவர் பக்கம் திரும்பினார். நடுவர் நாற்காலியில் அந்த உதவியாசிரியை.

"இந்தக் கதை எங்க கிடைச்சுது?" என்று அவள் கேட்டாள்.

"அகராதியில மிஸ். எங்கப்பாவே எழுதினது. அவர் தெரியாததை எழுத மாட்டார்."

கைதட்டல் எழுந்தது. நடுவர் இவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் மானம் கப்பலேறிவிடும். அவள் சொல்லவில்லை. "நல்லா பேசினே" என்று மட்டும் சொன்னாள். சபையில் நான்கு கேள்வி கேட்டிருந்தால்கூட இவருக்கு இவ்வளவு கூசியிருக்காது. எழுந்து உண்மையைச் சொல்லத் தோன்றியது, கால் எழவில்லை. நடுவரே பரிசுக் கோப்பையைக் கொடுத்தாள்.

பேருந்தில் மகள் கோப்பையை அப்பாவின் மடியில் வைத்தாள். "நீங்கதான் வெச்சுக்கணும். ஆமா, அந்தக் கிழவி அப்புறம் என்ன ஆனாப்பா?"

நாக்கு நுனியில் அடுத்த கதை தயாராக நின்றது. அதை விழுங்கினார்.

"தெரியலம்மா."

"நிஜமாவா? உங்களுக்கேவா?" என்று மகள் சிரித்தாள், அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து.